மறுநாளும் அழைத்த அக்காவுக்கு

அன்பான எல்லோருக்கும்,

தம்பி இறந்துபோனதும், அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்லத் தெம்பில்லை. அம்மாவே என் கையைப் பிடித்து "உன் மேல தப்பில்லப்பா" என்று சொல்லிவிட்டார். இனி எழுதலாம்.

பார்வையற்றவர்களுக்குப் போனில் புத்தகம் வாசிக்கும் அக்கா ஒருவர் அந்த நாட்களில் வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் புராணம் வாசித்தார், 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி என்ற அறிஞர் எழுதிவைத்தது. அதில் ஹோதர் என்று பார்வையற்ற தெய்வம். அவன் சகோதரன் பால்டருக்குத் தீங்கு செய்வதில்லை என்று உலகத்துப் பொருள்களிடமெல்லாம் தாய் ஃபிரிக் சத்தியம் வாங்கியிருந்தாள். சின்னஞ்சிறுசு என்று புல்லுருவியை மட்டும் விட்டுவிட்டாள். அந்தத் தைரியத்தில் தேவர்கள் பால்டரைச் சுற்றி நின்று, அம்பும் கல்லும் எறிந்து விளையாடுகிறார்கள். ஹோதர் வட்டத்துக்கு வெளியே நிற்கிறான். சூழ்ச்சிக்காரனான லோகி வந்து, நீ ஏன் எறியவில்லை என்கிறான். பால்டர் எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை, ஆயுதமும் இல்லை என்கிறான் ஹோதர். லோகி புல்லுருவிக் குச்சியைக் கொடுத்துத் திசை காட்டுகிறான். ஹோதர் எறிகிறான், பால்டர் செத்து விழுகிறான்.

அத்தனை தேவர்கள் இருந்த இடத்தில் ஹோதரை விளையாடக் கூப்பிட்டவன் லோகி ஒருவன்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்புறம், பழிவாங்கவே பிறந்த வாலி (நம் ராமாயண வாலி அல்ல) பிறந்து ஓர் இரவே ஆன நிலையில் ஹோதரைக் கொல்கிறான். போதும் அக்கா என்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் அவர்களே அழைத்தார்கள். "கதை அங்க முடியல தம்பி, இன்னும் கொஞ்சம் கேளு." ரக்னரோக் என்னும் உலக அழிவுக்குப் பிறகு கடலிலிருந்து பூமி பச்சையாக எழுகிறது. பால்டரும் ஹோதரும் இறந்தோர் உலகிலிருந்து சேர்ந்தே வருகிறார்கள். மிஞ்சியவர்களோடு உட்கார்ந்து பழைய கதை பேசுகிறார்கள். யார் யாரை மன்னித்தார் என்று ஒரு வரிகூட இல்லை. ஹோதருக்கும் அங்கே இடம் இருந்தது, அவ்வளவுதான். நான் அழுது முடிக்கும்வரை அக்கா போனை வைக்கவில்லை. அவருக்கு என் கதை தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அக்கா, நன்றி.

ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்த மாமா, காசு வாங்காத வக்கீல், சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்கள், காரியத்தன்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்த சித்தப்பா, எல்லோருக்கும் நன்றி.

இனி எந்த விசேஷத்துக்குப் போனாலும், ஓரமாக யார் நிற்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பேன். அங்கே கூட்டிப்போகச் சொல்லி, நானே முதலில் பேசுவேன்.