பிள்ளை கூப்பிடும்போது

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மதிப்பெண்ணும் வருகையும் தேர்ச்சி அறிக்கையில் வந்துவிடும். பிள்ளைகள் ஒருவரோடொருவர் பழகும் விதத்தைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

இடைவேளையில் ஒரு பிள்ளை தான் வரைந்த படத்தை நீட்டி, "இதைப் பாரேன்" என்கிறது. பக்கத்துப் பிள்ளை தலையைத் தூக்காமலே, "ம்... நல்லாருக்கு" என்கிறது. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. அப்புறம் நோட்டு மூடிக்கொள்கிறது. சண்டை இல்லை, புகாரும் வராது. ஆனால் இது நாலைந்து முறை நடந்தால், படம் வரைந்த பிள்ளை இடம் மாறி உட்கார்ந்துவிடுகிறது. வகுப்பில் பல நட்புகள் இப்படித்தான் சத்தமில்லாமல் விட்டுப்போகின்றன.

இந்தப் பழக்கம் பெரும்பாலும் நம்மைப் பார்த்து வந்தது. உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாயைச் சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, அம்மாவின் கவனத்தை இழுக்க என்னென்னவோ செய்தது. கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளை கூப்பிட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி முகத்தைப் பாருங்கள். வேலை தலைக்கு மேல் இருக்கிறதா, சரி, "பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்று பார்த்தே சொல்லுங்கள். சொன்னபடி போய்க் கேளுங்கள். போகாமல் விட்டால் பிள்ளை கூப்பிடுவதையே குறைத்துக்கொள்ளும். என் பெரிய கவலை இதுதான். பதின்வயதில் எதையும் சொல்வதில்லை என்று வருந்தும் பெற்றோர் பலர். அந்த மௌனம் பல வீடுகளில் அதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்கும்.

உடனே கைவராது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. எனவே ஒருநாள் தவறினால் மறுநாள் தொடருங்கள்.

ஆசிரியர்களாகிய நாங்களும் பிள்ளை பேச வரும்போது திருத்தும் பேனாவை மூடி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், வீட்டில் எப்படிப் போகிறது என்று வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்