முதலில் உயரத்தை அளந்து அனுப்பு

அன்புள்ள மகளுக்கு,

பிள்ளைகளோடு கேளிக்கைப் பூங்காவுக்குப் போக நீ திட்டம் போட்டு அனுப்பிய எக்செல் தாளைப் பார்த்தேன். உன் அம்மாவும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். காலை ஒன்பதுக்குப் பூங்கா வாசல், ஒன்பது இருபதுக்கு முதல் ரைடு, பத்துக்கு இரண்டாவது, இப்படியே போய் இரவு ஒன்பதரைக்கு வாணவேடிக்கை. மொத்தம் பதினான்கு ரைடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அலுவலகத்தில் உனக்கு ஏன் பதவி உயர்வு கொடுத்தார்கள் என்று இப்போது புரிகிறது. ஆனால் அம்மாடி, அந்தத் தாளில் சின்னவன் ஒன்றுக்குப் போக ஒரு கட்டம்கூட இல்லை.

கோபித்துக்கொள்ளாதே. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு ஆறு வயது நடக்கும்போது ஒரு பூங்காவுக்குப் போனோம். நீ அழுதது மட்டும் உனக்கு நினைவிருக்கலாம். ஏன் அழுதாய் என்று நான் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. அங்கே ஒரு ரோலர் கோஸ்டர். ஒரு மாதமாக அதைப் பற்றியே பேசி உனக்கு ஆசை காட்டியவன் நான்தான். ஏறும் இடத்தில் 120 செ.மீ. என்று கோடு போட்ட ஒரு மரப்பலகை இருந்தது. நீ 117. அது எனக்கு வீட்டிலேயே தெரியும், கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு வைத்தவன் நானில்லையா? அதனால் கிளம்பும்போதே பழைய காலண்டர் அட்டையை வெட்டி, மடித்து உன் ஷூவுக்குள் வைத்துவிட்டேன். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். பலகைக்குப் பக்கத்தில் இருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஷூவைக் கழற்றும்மா" என்றான். அட்டை கீழே விழுந்தது. நீ குனிந்து அதை எடுத்து, "அப்பா, இது விழுந்துடுச்சு" என்று என்னிடம் நீட்டினாய்.

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நான் அந்தப் பையனிடம் சத்தம் போட்டேன். அவமானத்தை மறைக்க அது ஒன்றுதான் அப்போது கைவசம் இருந்தது.

அந்தக் கோடு எதற்கு என்று பிற்பாடுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பிள்ளைக்குத் தைரியம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க யாரும் அதைப் போடவில்லை. மடிமேல் இறங்கும் கம்பியும் தோள்மேல் இறங்கும் பட்டையும் இன்ன அளவு உடம்பைப் பிடித்து வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஒரே கம்பிக்கு அடியில் நானும் நீயும் உட்கார்ந்திருந்தால், அது என் தொடையில் தட்டி நின்றிருக்கும். உன் மடிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தலையணை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்திருக்கும். வண்டி மேட்டில் ஏறி இறங்கும் நொடியில் உடம்பு இருக்கையை விட்டு எழும்புமே, அப்போது அந்த இடைவெளியை நினைத்துப் பார். அந்தப் பையன் என்னை விட நன்றாக உன்னைப் பார்த்துக்கொண்டான். அவனிடம் ஒரு மன்னிப்புக்கூட நான் கேட்கவில்லை.

அதனால் தாளில் நேரம் போடுவதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகளையும் வெறுங்காலோடு அளந்துவிடு. பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் உயரம் போட்டிருப்பார்கள். 102, 112, 122 என்று அரைகுறை எண்களாக இருந்தால் குழம்பாதே. 40, 44, 48 அங்குலத்தை செ.மீ.க்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சில இடங்களில் டிக்கெட் கட்டணமே உயரத்தை வைத்துத்தான், சில இடங்களில் வயதை வைத்து. எது என்று பார்த்துக்கொள். ஏற முடியாத ரைடின் வீடியோவைப் பெரியவளுக்குக் காட்டாதே. ஆசை காட்டி மோசம் செய்வதில் உன் அப்பனை யாரும் மிஞ்ச வேண்டாம்.

உயரம் பத்தாத சின்னவனை வைத்துக்கொண்டு பெரிய ரைடுக்குப் போவது எப்படி என்று கேட்டிருந்தாய். பெரிய பூங்காக்கள் பலவற்றில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. ரைடர் ஸ்விட்ச், சைல்டு ஸ்வாப் என்று இடத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். மாப்பிள்ளை பெரியவளோடு ஏறிவிட்டு வரும்வரை நீ சின்னவனோடு வெளியே இருக்கலாம். அவர் இறங்கியதும் நீ மறுபடி முழு வரிசையும் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். பெரியவளை உன்னோடு இரண்டாவது தடவையும் விடும் இடங்கள் உண்டு. ஆனால் வரிசையில் சேரும் முன்னாலேயே வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டுவிட வேண்டும். பாதி வரிசை நின்றபிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது.

வரிசை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருஷம் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து வரிசையைப் பார்த்தவன் நான். வெளியே நிற்பவர்கள் எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள் என்றுதான் எண்ணுவார்கள். உள்ளே இருப்பவன் ஒரு மணிக்கு எத்தனை பேரை அனுப்ப முடியும் என்று எண்ணுவான். அமெரிக்காவின் டிஸ்னிலேண்ட் பூங்காவில் சின்னப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பறக்கும் யானை ரைடு இருக்கிறது. 16 யானைகள். ஒன்றுக்கு இரண்டு பேர் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 32 பேர். சுற்று என்னவோ ஒன்றரை நிமிஷம்தான், ஆனால் பிள்ளைகளை ஏற்றி, பெல்ட் மாட்டி, அழுகிறவனை இறக்கி, மொத்தம் நான்கு நிமிஷம் என்று வை. மணிக்கு 480 பேர். உனக்கு முன்னால் 200 பேர் நின்றால் அரை மணி நேரம் போய்விடும். வாய்க்காலில் படகு விடுகிற மாதிரி நிற்காமல் வண்டி வந்துகொண்டே இருக்கும் ரைடுகளில் இதே 200 பேர் மளமளவென்று நகர்ந்துவிடுவார்கள்.

எல்லாரும் காலையில் வாசல் திறந்ததும் பெரிய ரோலர் கோஸ்டருக்கு ஓடுவார்கள். நீ எதிர்ப்பக்கம் நட. குட்டி யானை, குட்டி விமானம், குட்டிக் கார் எல்லாம் முதல் ஒரு மணி நேரத்திலேயே முடித்துவிடு. படகு, ரயில், உள்ளே உட்கார்ந்து பார்க்கும் காட்சி இதெல்லாம் வெயில் ஏறியபிறகு. தட்டாமாலை மாதிரி சுற்றும் ரைடுகளைச் சாப்பிட்ட கையோடு வைக்காதே. சின்னவனுக்கு அது ஒன்றும் செய்யாது, இரண்டு வயதுக்குள் தலைசுற்றல், வாந்தி அபூர்வம். பெரியவள் வயதிலிருந்துதான் அது கூடும். போன தடவை காரில் அவள் என்ன செய்தாள் என்று மாப்பிள்ளையின் சட்டைக்குத் தெரியும்.

மதியம் ஒரு மணிக்கு மேல் உன் தாளில் ஐந்து ரைடு இருக்கிறது. அந்த ஐந்தையும் அழித்துவிடு. அந்த நேரம் சின்னவன் தூங்கும் நேரம். தள்ளுவண்டியில் படுக்கவைத்து நிழலில் ஒரு மணி நேரம் சும்மா இரு. தங்குமிடம் பக்கத்தில் இருந்தால் திரும்பிப் போய்ப் படுங்கள். வெளியே போய்விட்டு மறுபடி உள்ளே வர விடுவார்களா, கையில் முத்திரை வாங்க வேண்டுமா என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் வீணாகிறதே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த அட்டை விழுந்த நாளில், அழுது களைத்த உன்னை, காசு கொடுத்தாயிற்றே என்று ராத்திரி எட்டு மணிவரை இழுத்துக்கொண்டு திரிந்தேன். கடைசி மூன்று ரைடுகளில் நீ என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் மட்டும் ராட்டினத்தில் சுற்றினேன்.

1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்டைத் திறந்தபோது என்ன நடந்தது தெரியுமா? கள்ள டிக்கெட்டோடு கூட்டம் புகுந்து, 28,000 பேர் அளவுக்குச் சேர்ந்துவிட்டார்கள். கடும் வெயில். புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் ஹீல்ஸ் உள்ளே புதைந்ததாம். அதற்கு முன்னாலேயே குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தம் வேறு. கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் இரண்டையும் முடிக்க முடியாது என்று ஆனபோது வால்ட் டிஸ்னி கழிப்பறையைத்தான் முடிக்கச் சொன்னார். பிள்ளை பெற்ற எவரும் அதையேதான் சொல்வார். ஆகவே வரைபடம் கைக்கு வந்ததும் முதலில் கழிப்பறைகளைக் குறித்துக்கொள். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால், வருகிறதோ இல்லையோ, இரண்டு பேரையும் ஒரு தடவை கூட்டிப் போ. தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று. மாற்று உடுப்பு சின்னவனுக்கு இரண்டு செட், உனக்கும் ஒரு மேல்சட்டை. ஏன் உனக்கு என்று கேட்காதே.

தொலைந்து போகிற விஷயம். அதை நினைக்கவே பிடிக்கவில்லை, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். காலையில் உள்ளே நுழையும்போது இரண்டு பேரையும் நிறுத்தி ஒரு போட்டோ எடு. அன்றைக்கு என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் உனக்கு நினைவு வராது. உன் போன் நம்பரை முழங்கைக்குக் கீழே பேனாவால் எழுதிவிடு, வேர்வையில் அழியாத பேனாவாகப் பார். பெயரைச் சட்டைமேல் எழுதாதே, பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்நியரைப் பிள்ளை நம்பிவிடும். பெரியவளிடம், "அம்மாவைக் காணோம் என்றால் தேடிப் போகாதே, நின்ற இடத்திலேயே நில், இந்த மாதிரி பேட்ஜ் போட்டவர்களிடம் சொல்" என்று ஒரு ஊழியரையே காட்டிச் சொல்.

அப்புறம், பெரிய பொம்மைத் தலை மாட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் சின்னவனைத் தூக்கிக் கொடுத்துப் போட்டோ எடுக்காதே. நமக்கு அது பொம்மை. அவனுக்கு, ஆறடி உயரத்தில் கண் இமைக்காத ஒரு மிருகம். தூரத்திலிருந்து கையாட்டட்டும், பிடித்திருந்தால் அவனே கிட்டே போவான். இரவு வாணவேடிக்கைக்கு அவனுக்குக் காதை மூடும் ஹெட்போன் ஒன்று வாங்கி வை. இல்லையென்றால் அதை விட்டுவிட்டுக் கிளம்பிவிடு. வெளியே வாகன நிறுத்துமிடத்திலிருந்தும் வானம் தெரியும்.

நாங்கள் வர வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வருகிறோம். ஆனால் எங்களுக்கு எந்த ரைடும் போடாதே. வால்ட் டிஸ்னி தன் இரண்டு பெண்களும் குதிரை ராட்டினத்தில் சுற்ற, தான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் பெரியவர்களும் சேர்ந்து விளையாட ஓரிடம் வேண்டும் என்று தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பெஞ்சு அலுத்திருக்கிறது. எனக்கு இந்த வயதில் அதுதான் வேண்டும். பைகள், தள்ளுவண்டி, தூங்கும் சின்னவன், ஈரத் துணி எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டு நீயும் மாப்பிள்ளையும் ஒரு ரைடாவது சேர்ந்து போய்விட்டு வாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயாவது கத்திக்கொண்டு போயிருக்கிறீர்களா என்ன? உன் அம்மா பெஞ்சில் உட்கார மாட்டாள், அதையும் சொல்லிவிடுகிறேன். ரங்கராட்டினம் என்றால் இப்போதும் அவள் முதல் ஆள்.

பதினான்கில் எத்தனை மிஞ்சும் என்று கேட்பாய். என் கணக்குக்கு ஐந்தோ ஆறோ. பெரியவளை மூன்று தேர்வு செய்யச் சொல், சின்னவன் ஒரே குட்டி யானையில் நான்கு தடவை ஏறினாலும் ஏறட்டும். அதையும் நான்கு என்றே எண்ணிக்கொள்.

இன்று இரவு படுக்கும் முன் இரண்டு பேரையும் சுவரோடு நிறுத்தி, தலையில் ஒரு புத்தகத்தைத் தட்டையாக வைத்து, கோடு போட்டு அளந்து அனுப்பு. பெரியவள் குதிகாலைத் தூக்குவாள், பார்த்துக்கொள். என் பேத்திதானே.

அன்புடன்,
அப்பா