மணலேறத் துணைநின்றவர்களுக்கு நன்றி

வணக்கம்.

ஜெய்சல்மேர் பக்கம் 3,162 சதுர கி.மீ. விரிந்து கிடக்கும் பாலைவன தேசியப் பூங்காவில் மணற்குன்று நடையை முடித்துக்கொண்டு வேலூர்க் குழு ஊர் வந்து சேர்ந்தாயிற்று. யார் காலிலும் கொப்புளம் இல்லை. அதற்குக் காரணமானவர்களுக்கே இந்த மடல்.

முதல் நன்றி, ஷூவுக்குள் மணல் போகாமல் தடுக்க உறை தைத்துத் தந்த ஆம்பூர் பாய்க்கு. ஷூவுக்குள் மணல் போனால் குதிகாலும் விரலிடுக்கும் உரசியே தோல் உரிந்துவிடும். வலைத்துணி வைத்த ஓட்ட ஷூ ஆகவே ஆகாது. சல்லடை மாதிரி மணலை உள்ளே விடும். பாய் தைத்துக் கொடுத்தது முழங்காலுக்குக் கீழ்வரை வரும் பாராசூட் துணி உறை. அதன் அடிவிளிம்பு முழுக்க வெல்க்ரோ. அதோடு ஒட்டிக்கொள்ளும் ஜோடிப் பட்டை ஷூவைச் சுற்றி, சோலுக்குச் சற்று மேலே. பசை மட்டும் போட்டால் சூட்டில் இளகி, மூக்குப் பக்கம்தான் முதலில் பிரியும். அதனால் ஒட்டியதன் மேல் ஒரு சுற்றுத் தையலும் போட்டார். கால் வீங்கும் என்று ஷூவையும் அரை சைஸ் கூட்டி எடுக்கச் சொன்னவர் அவர்தான்.

விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்றில் தினமும் முதுகில் 5 லிட்டர் தண்ணீரோடு நடக்கவிட்ட மாஸ்டருக்கும் நன்றி. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும்: ஆற்று மணல் பருமன், முனை மழுங்காதது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பாலை மணல் காற்றில் உருண்டு உருண்டு மழமழத்தது. கெண்டைக்காலுக்குப் பாலாறு போதும், கால் வைக்கும் முறைக்குப் போதாது.

அதைக் கற்றுக்கொடுத்தவர் குரி கிராமத்து ஒட்டகக்காரர். காற்று அடிக்கும் பக்கம் சரிவு 10, 15 டிகிரிதான்; மணல் இறுகி, வரிவரியாக இருக்கும். மறுபக்கம் 32 முதல் 34 டிகிரி, மணல் சரியாமல் நிற்கக்கூடிய கடைசி எல்லை. அதில் ஏறினால் ஓரடி வைக்க அரையடி வழுக்கும். ஆகவே இறுகிய பக்கமாக ஏறி, முகட்டோடு நடக்க வேண்டும். சின்னச் சின்ன எட்டு வைத்து, பாதம் முழுதும் பதிய, முன்னால் போனவர் தடத்திலேயே. முன்விரலால் உந்தினால் குழிதான் விழும். இறங்க மட்டும் செங்குத்துப் பக்கம்: குதிகால் முதலில், நேர் கீழாக, ஒருவர் குன்றின் அடிவாரம் சேர்ந்த பிறகே அடுத்தவர். எல்லாமே வெயில் ஏறும் முன்பே.

வனக் காவலர்கள் காட்டிய தடத்தை விட்டு விலகவில்லை. கானமயில் ஒற்றை முட்டையை வெறுந்தரையில் இடும் பறவை. மிதித்தால் அத்தோடு போயிற்று. நம் ஊர்க் கோயில்களில் நாம் சுற்றிவந்து கும்பிடும் வன்னி மரம் அங்கே ஊருக்கு ஊர் நிற்பதைக் காட்டியதற்குத் தனி நன்றி.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் உப்பு கூடிக் கெடுதல், முழு 1 லிட்டர் வேண்டும் என்று அதட்டிச் சொன்ன டாக்டரம்மாவுக்கும் நன்றி. சுருட்டை விரியனுக்காகக் காலையில் ஷூவை உதறச் சொன்னதும் அவர்தான். பேசிய தண்ணீர் கேனில் இரண்டை வண்டிக்காரர் குறைத்துவிட, கேட்காமலே நிரப்பிக் கொடுத்த டீக்கடை அக்காவை மறக்க முடியாது.

உறைகள் எங்களிடம்தான் இருக்கின்றன. அடுத்துப் போகிறவர்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். திருப்பித் தரும்போது மட்டும், வெல்க்ரோவில் சிக்கிய மணலைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை ஒட்டாது.

இப்படிக்கு,
வேலூர் நடைக்குழுவினர்