தமிழாசிரியர்களையும் எழுத வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள்களைத் திருத்தி முடித்து வீடு வந்த கையோடு இதை எழுதுகிறேன்.

'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று 5 மதிப்பெண்ணுக்கு ஒரு வினா உண்டு. ஒரு படம் கொடுத்திருப்பார்கள். பார்த்ததும் மனதில் தோன்றுவதை மாணவர் எழுத வேண்டும். பிள்ளைகள் தம் சொந்தச் சொற்களில் எழுத, தமிழ்த் தாளில் மிஞ்சியிருக்கிற சில இடங்களில் அது ஒன்று. ஆனால் என் கைக்கு வந்த கட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே கவிதை. எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி யாரோ கட்டிக்கொடுத்த எட்டு வரி. மரம் நடும் படமானாலும் சரி, உழவர் படமானாலும் சரி, நடுவில் ஒரு சொல்லை மாற்றிக்கொண்டால் போதும்.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அந்த எட்டு வரியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவர்கள் நாங்கள்தான். மெல்லக் கற்கும் மாணவர்கள் எப்படியாவது தேறிவிட வேண்டுமே என்ற பயத்தில் நானும் பல வருடம் எழுதிப் போட்டிருக்கிறேன். மேல்நிலை வகுப்புகளில் நயம் பாராட்டலும் இப்படித்தான். 'மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை', 'குயவனுக்குப் பானை, செய்யுளுக்கு மோனை' என்று தலைப்புக்கு ஒரு வரி மனப்பாடம். வினாத்தாளில் உள்ள பாட்டைப் பிள்ளை ஒருமுறைகூட வாய்விட்டுப் படிக்காமலே நயம் பாராட்டிவிட முடிகிறது. இதை எழுதும்போதே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இதற்குச் சோம்பலோ அக்கறையின்மையோ காரணம் இல்லை. எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். இளங்கலையில் தொல்காப்பியம் படித்தேன், நன்னூல் படித்தேன், யாப்பருங்கலக்காரிகை படித்தேன். எல்லாம் எனக்கு உயிர். ஆனால் அந்த மூன்று ஆண்டில் ஒரு சிறுகதை எழுதிக் காட்டு என்று யாரும் கேட்டதில்லை. பி.எட்.டில் பாடக்குறிப்பு எழுதினோம், நுண்ணிலைக் கற்பித்தல் செய்தோம், பதிவேடுகளுக்கு அட்டை போட்டோம். அங்கேயும் அதே கதைதான். பி.எட். 2015 முதல் இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. இப்போது எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைக் கேட்டால், அவர்களும் சொந்தமாக ஒரு பக்கம் எழுதியதில்லை என்கிறார்கள். அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வு. 150 வினா, எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஒரு பத்திகூட எழுதிக் காட்டாமல் ஒருவர் தமிழாசிரியராகிவிடலாம்.

பாடநூல்மேல் குறையில்லை. 2018 முதல் வந்த புதிய நூல்களைக் கையில் வாங்கிய நாளில் நான் அவ்வளவு மகிழ்ந்தேன். நவீன எழுத்தாளர்களின் கதைகள் உள்ளே வந்திருந்தன. 'கற்பவை கற்றபின்', 'மொழியை ஆள்வோம்' என்று பாடந்தோறும் பிள்ளைகளைப் பேச வைக்கவும் எழுத வைக்கவும் இடம் விட்டிருக்கிறார்கள். மாணவர் படைப்புகளை அச்சிட 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று துறையே இதழ் நடத்துகிறது. அதற்குக் கதை எழுதிக் கொடு என்று சொன்னால், பிள்ளை 'எப்படி மிஸ் ஆரம்பிக்கிறது?' என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

பதில் கிடைத்தது 41 வயதில். எங்கள் மாவட்டத்தில் இலக்கிய ஆர்வலர்கள் சிலர் சொந்தக் கைக்காசில் நடத்திய மூன்று நாள் முகாமுக்குப் போயிருந்தேன். முதல் நாள் காலையில் வெள்ளைத் தாளைக் கொடுத்து, உங்கள் ஊரின் காலைப்பொழுதை எழுதுங்கள் என்றார்கள். 'கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்' என்று தொடங்கினேன். நடத்தியவர் படித்துவிட்டு, "டீச்சர், உங்க ஊர்ல காலையில முதல்ல என்ன சத்தம் கேக்கும்?" என்றார். யோசித்தேன். பஞ்சாயத்து மோட்டார் போடும் சத்தம். அதற்குப் பின்னாலேயே குடங்கள் உருளும் சத்தம். "அதை எழுதுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தத் தாளை நான்கு முறை அடித்துத் திருத்தி எழுதினேன். வாசித்துக் காட்டும்போது கை நடுங்கியது. வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி 'எழுதியதைப் படி' என்று சொல்லும்போது அது என்ன பாடுபடும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் கந்தர்வனின் 'தண்ணீர்' கதை நடத்த வேண்டியிருந்தது. குடிக்கத் தண்ணீரில்லாத ஊரில், வந்து நிற்கும் ரயிலில் ஏறித் தண்ணீர் பிடிக்கும் பெண்ணின் கதை. ரயில் கிளம்பி அவளையும் கொண்டுபோய்விடும். முன்பெல்லாம் முன்னுரை, கதைக்கரு, கதைமாந்தர், முடிவுரை என்று நான்கு தலைப்புப் போட்டு எழுதச் சொல்லி முடித்துவிடுவேன். அந்த வருடம் தலைப்பே போடவில்லை. கதையை முழுதாக வாசித்தேன். அவள் குடத்தோடு தண்டவாளத்தில் நடந்து வரும் இடத்தில் நிறுத்தி, அந்தக் குடத்தை அவள் ஏன் வழியில் இறக்கி வைத்துவிட்டு வரவில்லை என்று மட்டும் கேட்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு என் அம்மா தவலையில் தண்ணீர் சுமந்ததைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினேன். உங்கள் வீட்டுத் தண்ணீரை எழுதுங்கள் என்றேன்.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், வாக்கியத்துக்கு இரண்டு பிழை விடுகிறவன், ஒரு பக்கம் எழுதினான். இரவு இரண்டு மணிக்குக் குழாயில் முதலில் காற்று சீறி வரும், அந்தச் சீறல் கேட்டதும் பாட்டி அவனை எழுப்பிவிடுவார், அதனால்தான் முதல் பாடவேளையில் அவனுக்குத் தூக்கம் வருகிறது. எத்தனை நாள் அந்தத் தூக்கத்துக்காக அவனை வெளியே நிறுத்தியிருக்கிறேன்! எழுத்துப்பிழைகளை அப்புறம் அவனே வந்து கேட்டுத் திருத்திக்கொண்டான்.

துறைக்கு உங்கள் இதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் பெரியதில்லை. பணியிடைப் பயிற்சி எங்களுக்கு ஆண்டுதோறும் நடக்கிறது. அதில் திரையில் ஓடுவதைப் படித்துக் காட்டுகிறார்கள், நாங்கள் குறிப்பெடுக்கிறோம், பிற்பகலில் படிவம் நிரப்புகிறோம். அந்த நாட்களில் மூன்றை மட்டும் எங்களை எழுத வைக்கக் கொடுங்கள். மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் அறைகள் இருக்கின்றன. எழுத்தாளர் இல்லாத மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை. அவர்களை அரை மணி நேரச் சிறப்புரைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பாமல், மூன்று நாளும் எங்களோடு உட்கார வையுங்கள். பி.எட். மாணவர்களுக்கும், ஒரு பதிவேட்டைக் குறைத்துவிட்டு, சொந்தமாக எழுதித் திருத்திய ஐந்து பக்கங்களைக் கேளுங்கள்.

விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கும் இது வேண்டும். முன்பொரு வருடம் ஒரு தாளில் படத்துக்கு ஆறே வரி எழுதியிருந்தாள் ஒரு சிறுமி. (கையெழுத்தைப் பார்த்துச் சிறுமி என்றே நினைத்துக்கொண்டேன்.) படத்தின் மூலையில் யாரும் கவனிக்காத ஒரு நாயைப் பற்றிய ஆறு வரி. முழு மதிப்பெண் போட்டேன். தலைப்பு இல்லை, அளவு போதாது என்று மேலே இருந்தவர் 3 ஆக்கச் சொன்னார். வாதாடிப் பார்த்துவிட்டு 3 போட்டேன். அவரும் தமிழாசிரியர்தான், நல்லவர்தான். அவரும் அந்த மூன்று நாள் பயிற்சிக்கு வர வேண்டும். வரும் கோடையிலேயே வைத்தால், என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.