இன்சூரன்ஸ் கணக்கையும் சொல்லித் தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடல்நலம் பற்றியும் சிகிச்சை குறித்து முடிவெடுப்பது பற்றியும் அமெரிக்க சமுதாயக் கல்லூரி ஒன்றின் ஆனர்ஸ் பிரிவு நடத்தும் தொடர் சொற்பொழிவு பற்றி உங்கள் இதழில் படித்தோம். நியூ ஜெர்சியில் கவுண்டி கல்லூரி என்று சொல்லப்படும் இந்த இரண்டாண்டுக் கல்லூரிகளில் நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். உணவு, தூக்கம், மன அழுத்தம், யோகா என்று தலைப்புகள் இருக்கின்றன. இருக்கட்டும். ஆனால் மருத்துவக் கட்டணப் பிரிவில் வேலை செய்பவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்வது இன்சூரன்ஸ் தாளில்தான். அதற்கு ஒரு வகுப்புகூட இல்லை.

2010-இல் வந்த சட்டப்படி 26 வயது நிறையும்வரை பெற்றோரின் இன்சூரன்ஸிலேயே இருக்கலாம். அது முடிந்ததும் சொந்தமாக எடுக்க 60 நாள் அவகாசம். அந்த அவசரத்தில் எல்லோரும் பார்ப்பது மாதப் பிரீமியம் ஒன்றைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் பிளானுக்கு மாதம் 220 டாலர், டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தரத் தொடங்கும்முன் நாமே கட்ட வேண்டிய தொகை) 6,000, ஆண்டு உச்சவரம்பு (பிரீமியம் தவிர ஒரு வருடத்தில் நம் கையிலிருந்து போகக்கூடிய அதிகபட்சம்) 9,000. இரண்டாவதற்கு மாதம் 390, டிடக்டிபிள் 1,500, உச்சவரம்பு 6,000. டிடக்டிபிள் தாண்டியபின் இரண்டிலும் நம் பங்கு 20 சதவீதம். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத வருடத்தில் முதல் பிளானுக்கு 2,640, இரண்டாவதற்கு 4,680. மலிவானதே லாபம். பில் 4,000 வந்தால்? முதலாவதில் மொத்தம் 6,640, இரண்டாவதில் 6,680. சமம் என்றே சொல்லலாம். அதைத் தாண்டினால் தராசு சாய்ந்துவிடும். குடல்வால் அறுவை சிகிச்சைக்கு 30,000 பில் என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதலாவதில் 11,640, இரண்டாவதில் 10,680. வித்தியாசம் ஆயிரத்துக்கும் கீழேதான். இடிப்பது வேறு இடம். முதல் பிளான்காரர் ஒரே மாதத்தில் 9,000 டாலர் புரட்ட வேண்டும். கையில் அந்தச் சேமிப்பு இல்லாதவருக்கு மலிவு பிளான் மலிவே அல்ல.

இந்த எண்களெல்லாம் ‘சம்மரி ஆஃப் பெனிஃபிட்ஸ் அண்ட் கவரேஜ்’ என்ற தாளில் இருக்கும். எந்த நிறுவனமானாலும் அதே அச்சில்தான் தர வேண்டும். கடைசிப் பக்கத்தில் பிரசவம், சர்க்கரை நோய், எலும்பு முறிவு மூன்றுக்கும் நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று மாதிரிக் கணக்கே போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தை வகுப்பில் எல்லோர் கையிலும் கொடுத்தால் ஒரு மணி நேரம் போதும்.

அடுத்தது பில். வருடாந்தரச் செக்கப் இலவசம் என்று போகிறோம், பிறகு 150 டாலருக்குக் கடிதம் வருகிறது. நடந்தது இதுதான். 40 வயதுக்காரருக்குச் செக்கப் பில்லில் 99396 என்ற ஐந்திலக்கக் குறியீட்டு எண்ணில் பதிவாகும், அது இலவசம். எழுந்து வரும்போது “டாக்டர், மூணு மாசமா முட்டி வலிக்குது” என்கிறார். டாக்டர் முட்டியைப் பார்த்து மருந்தும் எழுதினால் 99213 என்று இன்னொரு எண் சேரும். அது சாதாரண விசிட், அதற்கு டிடக்டிபிள் உண்டு. அதில் தப்பு ஏதும் இல்லை, ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. “இதைப் பேசினால் தனி பில் வருமா?” என்று கேட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரி பில் வந்தவுடன் பணம் கட்டிவிடுவது நம்மவர்களிடம் உள்ள நல்ல பழக்கம், ஆனால் இங்கே வேண்டாம். இன்சூரன்ஸ் அனுப்பும் ‘எக்ஸ்பிளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ்’ என்ற தாள் வரும்வரை பொறுங்கள். அவர்கள் எவ்வளவு தந்தார்கள், உங்கள் பங்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். இரண்டிலும் தேதி, ஐந்திலக்க எண், நீங்கள் தர வேண்டிய தொகை ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் வரிவாரியான பில் கேளுங்கள். இன்சூரன்ஸ் மறுத்திருந்தால் மேல்முறையீட்டுக்கு 180 நாள் உண்டு. லாப நோக்கற்ற ஆஸ்பத்திரி என்றால் கட்டண உதவிக்கு முதல் பில்லிலிருந்து 240 நாள்வரை விண்ணப்பிக்கலாம். காலம் கடந்தபின் வருபவர்கள்தான் அதிகம்.

பெற்றோர் காதில் விழ வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. பிள்ளைக்கு 18 ஆகிவிட்டால் அவன் மருத்துவ விவரங்களைக் கேட்க உங்களுக்குத் தானாக உரிமை கிடையாது. இன்சூரன்ஸ் உங்கள் பெயரில் இருந்தாலும் அப்படித்தான். விவரம் தர ஒரு ஒப்புதல் படிவமும், அவனால் பேச முடியாத நிலையில் முடிவெடுப்பவர் யார் என்று குறிக்கும் ‘ஹெல்த் கேர் ப்ராக்ஸி’ படிவமும் வாங்கி வையுங்கள். நியூ ஜெர்சியில் பின்னதற்கு வக்கீல் தேவையில்லை, 18 தாண்டிய இரண்டு சாட்சிகள் போதும். ப்ராக்ஸியாக நியமிக்கப்படுபவர் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. அம்மாவை நியமித்துவிட்டு அம்மாவையே சாட்சியாக்கும் படிவங்கள் உண்டு.

ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுக்கும்போது, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகை குறித்த பாலிசியைத் தவிருங்கள். ஒரு நாள் ஐ.சி.யூ. கட்டணத்துக்கே அது காணாது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு வழக்கமான சிகிச்சை எந்தப் பாலிசியிலும் அநேகமாகக் கிடைக்காது. மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் தாத்தாவுக்காகப் பேரனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மத்திய அரசுப் பணம் பெறும் ஆஸ்பத்திரிகள் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும், பெரும்பாலும் தொலைபேசியில் வருவார்கள். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே “தமிழ்” என்று அழுத்திச் சொல்லுங்கள். இந்தியர் என்றதும் இந்தி என்று குறித்துவிடுவது உண்டு.

இப்படிக்கு,
மருத்துவக் கட்டணப் பிரிவில் பணிபுரியும் வாசகர்கள்,
நியூ ஜெர்சி