ஓர் இடைவெளி விட்டுக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். எங்கள் வாசகர் வட்ட நூலகத்தின் புத்தகப் பட்டியல் தளம் நேற்று மாலையிலிருந்து பழையபடி ஓடுகிறது. மூன்று நாளும் கூடவே நின்றவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை, எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

தளத்தின் டெம்ப்ளேட்டுகள் (பக்கங்களை உருவாக்கும் கோப்புகள்) எல்லாமே பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதியவை. அதன் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டதால் 8.1க்கு மாற்றினேன். மாற்றியதுமே முகப்பு வெறும் வெள்ளையாகிவிட்டது. பிழைப்பதிவைத் திறந்தால் கோப்புக்குக் கோப்பு தொடரியல் பிழை. அது காட்டிய வரியிலோ ஒரு தவறும் இல்லை. ஓர் எண்டிஃப் (நிபந்தனைப் பகுதியை முடிக்கும் சொல்), ஓர் எக்கோ (பக்கத்தில் எழுதிக் காட்டும் சொல்), அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணி வரை அந்த வரிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோளாறு அதற்கு மேல் வரியில் இருந்த கமெண்டில் (படிப்பவருக்காக எழுதும், கணினி கண்டுகொள்ளாத குறிப்பில்) என்று கண்டுபிடித்தது, எங்கள் வட்டத்துக்கு வரும் கல்லூரித் தங்கை. தளத்தை உருவாக்கிய ஐயா கமெண்டுகளை #[முடிவு], #[அட்டைப்படம்] என்று சதுர அடைப்புக்குள்தான் எழுதுவார். 7.4 வரை அது கமெண்ட். 2020இல் வந்த 8.0இலிருந்து #[ என்பது அட்ரிபியூட்டின், அதாவது அடுத்து வரும் நிரல் பகுதியைப் பற்றி பிஎச்பிக்கே சொல்லும் குறிப்பின், தொடக்கம். அதை அடுத்து ஃபங்ஷன், கிளாஸ் மாதிரி ஏதாவது ஒரு நிரல் பகுதி வர வேண்டும். எண்டிஃப் வந்தால் பிழை, அதுவும் எண்டிஃப் இருக்கும் வரியின் பேரில்.

தங்கை அதோடு நிற்கவில்லை. பிஎச்பி தமிழ் எழுத்துகளையும் பெயராக ஏற்கும். அதனால் ஒரு ஃபங்ஷனுக்கு மேலே இருந்த #[தேடல்] சத்தமில்லாமல் அட்ரிபியூட்டாகவே மாறியிருந்தது. பிழைப்பதிவில் அது வரவே வராது. கோப்பு கோப்பாகக் கண்ணால் தேடி எடுத்தாள். அம்மா, நீ நன்றாக இருக்க வேண்டும்.

கமெண்டுகளை மொத்தமாக அழித்துவிடலாம் என்று நான் முடிவு செய்தபோது போனில் தடுத்தவர் கோயம்புத்தூர் அண்ணன். "அழிக்காதீங்க தம்பி. #க்கு அடுத்து ஒரு ஸ்பேஸ் விடுங்க, மறுபடி கமெண்ட் ஆயிடும், போதும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கோப்பிலும் மாற்ற வேண்டாம் என்றும் சொன்னார். மின்னஞ்சல் அனுப்பும் லைப்ரரிக்குள் (ஆயத்த நிரல் தொகுப்புக்குள்) இருந்த #[ எல்லாம் உண்மையான அட்ரிபியூட்டுகள். அங்கேயும் இடைவெளி விட்டிருந்தால், அவை அடக்கி வைத்திருந்த எச்சரிக்கைகள் எல்லாம் வெளியே வந்திருக்கும். அந்த ஃபோல்டரை மட்டும் விட்டுவிட்டு மாற்றினோம்.

ஐயா இப்போது நம்மோடு இல்லை. தளம் எப்படி இயங்குகிறது என்பதற்கு அவர் விட்டுப்போன குறிப்பு இந்தக் கமெண்டுகள் மட்டும்தான். பட்டியல் பக்கத்தில் ஒன்று இருக்கிறது:

# [ஆசிரியர் பெயர் தெரியாத புத்தகத்தை மறைக்காதே. 'தெரியவில்லை' என்று போட்டுக் காட்டு.]

இதைத்தான் நான் அழிக்கப் போனேன். அண்ணே, அந்த ஒரு போனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பக்கம் வெள்ளையாக இருக்கிறது என்று முதலில் கூப்பிட்டுச் சொன்ன வாசகி அக்காவுக்கும், பீரோவைத் துழாவி ஐயாவின் பழைய பென்டிரைவை எடுத்துக் கொடுத்த அவர் துணைவியாருக்கும் என் வணக்கம். அவர் எழுதியதையெல்லாம் காகிதத்தில் எடுத்துத் தர முடியுமா என்று அந்த அம்மா கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் அம்மா.

நன்றியுடன்,
நூலகத் தளத்தைப் பார்த்துக்கொள்பவன்