கணக்கை நேசிக்கும் பிள்ளைக்கு எதைப் பரிசளிப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்பருவப் பிள்ளைகளுக்குப் பரிசு தேர்ந்தெடுப்பது பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இசையிலும் ஓவியத்திலும் விளையாட்டிலும் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்ன கட்டுரையாளர், கணக்கிலும் கணினியிலும் மனம் தோய்ந்த பிள்ளைகளிடம் வந்தபோது மட்டும், ஹெட்போன், வண்ண விளக்கு எரியும் விசைப்பலகை, கணிதக் குறியீடு அச்சிட்ட பனியன் என்று இரண்டு வரிகளில் முடித்துவிட்டார். அவரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை; அந்த இடத்தில் நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் தடுமாறுகிறோம். ஓவியம் வரையும் பிள்ளைக்குத் தூரிகையும் வண்ணமும் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிகிறது. கணக்குப் போடும் பிள்ளையின் தூரிகை எது என்பதுதான் தெரிவதில்லை. என் அக்காள் மகளுக்குச் சில ஆண்டுகளாகப் பரிசு வாங்கிக் கொடுத்துப் பட்டுத் தெரிந்துகொண்டதைத் தங்கள் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தபோது, கை தட்டினால் நடக்கும், பாடும், கண் சிமிட்டும் ரோபோ பொம்மை ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். நாளைய விஞ்ஞானிகளுக்கானது என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருந்ததை நம்பினேன். இரண்டு நாள் அதனோடு விளையாடினாள். மூன்றாம் நாள், “சித்தி, இது தனக்குத் தெரிந்ததை மட்டும்தான் செய்கிறது, நான் ஒன்று சொல்லிக் கொடுத்தால் கேட்க மாட்டேன் என்கிறது” என்று வருத்தத்துடன் சொன்னாள். அதன் பிறகு அந்தப் பொம்மை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. எல்லாம் முடிந்த நிலையில் வந்து சேரும் பொருள் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஏன் சலித்துப்போகிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. அவர்கள் கைவைத்து முடிக்க வேண்டியது ஏதேனும் அதில் மிச்சம் இருக்க வேண்டும்.

இதற்குக் கணிதமேதை ராமானுஜனின் வாழ்விலேயே சான்று உண்டு. 1903ஆம் ஆண்டில், பதினாறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவருடைய கைக்கு, கார் என்னும் ஆங்கிலேய ஆசிரியர் தொகுத்த நூல் ஒன்று இரவலாக வந்து சேர்ந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகளை வரிசையாக அடுக்கிவைத்த வறண்ட தொகுப்பு அது. பெரும்பாலானவற்றுக்கு முழு நிரூபணம் கிடையாது. வேறு ஒருவர் அதைக் குறையாகக் கண்டிருப்பார். அந்தச் சிறுவரோ ஒவ்வொரு வரியையும் தாமே நிறுவிப் பார்க்க உட்கார்ந்தார். எல்லாப் பிள்ளைகளும் ராமானுஜன் ஆவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நூல் சொல்லாமல் விட்ட இடம்கூட ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கொடையாக இருக்க முடியும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அவரைப் பற்றிய மற்றொரு செய்தியிலிருந்துதான் நான் கொடுத்தவற்றில் மிகச் சிறந்த பரிசு பிறந்தது. காகிதத்துக்குச் செலவழிக்க வசதியில்லாத நாட்களில் அவர் சிலேட்டில் கணக்கிட்டு, எழுதியதை முழங்கையாலேயே அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அதைப் படித்த பிறகு, என் அக்காள் மகளின் அறைச் சுவரில் ஓர் ஆள் அகலத்துக்கு வெள்ளைப் பலகை ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். கூடவே நான்கு வண்ணப் பேனாக்களும் ஓர் அழிப்பானும். நோட்டில் எழுதும்போது தவறிவிடுமோ என்று தயங்கித் தயங்கிப் பென்சிலால் எழுதியவள், பலகையில் எழுதத் தொடங்கியதும் துணிந்து தவறு செய்ய ஆரம்பித்தாள். நோட்டில் அடித்துத் திருத்திய தவறு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பலகையில் ஒரு துடைப்பில் போய்விடும். இப்போது அவள் நின்றுகொண்டே யோசிக்கிறாள், இரண்டடி பின்னால் போய் முழுப் பலகையையும் பார்க்கிறாள், மீண்டும் போய் ஓர் ஓரத்தை மட்டும் அழிக்கிறாள். விட்டுவிட்ட கணக்கைச் சுற்றிக் கட்டம் போட்டு ‘அழிக்காதீர்கள்’ என்று எழுதிவைத்திருப்பாள். வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை. மின்சாரம் வேண்டாத, பழுதாகாத இப்படியொரு பொருளைக் கட்டுரையாளர் தம் பட்டியலில் சேர்க்காமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பரிசு விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த பிறந்தநாளுக்கு எண்கள் பொறிக்காத நான்கு மரப் பகடைகளை வாங்கி, முகங்களில் நானே எழுதினேன். முதல் பகடையில் நான்கு முகங்களில் 4, இரண்டில் 0. இரண்டாவதில் ஆறு முகங்களிலும் 3. மூன்றாவதில் இரண்டு முகங்களில் 6, நான்கில் 2. நான்காவதில் மூன்று முகங்களில் 5, மூன்றில் 1. அமெரிக்கப் புள்ளியியலாளர் பிராட்லி எஃப்ரான் வகுத்த அமைப்பு இது. உருட்டிப் பார்த்தால் முதல் பகடை இரண்டாவதை வெல்லும், இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது நான்காவதை வெல்லும்; ஆனால் நான்காவது திரும்பி வந்து முதல் பகடையை வென்றுவிடும். ஒவ்வொரு முறையும் வெற்றிக்கான நிகழ்தகவு மூன்றில் இரண்டு. எதிராளியை முதலில் ஒரு பகடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டால், அதை வெல்லும் பகடை நமக்கு எப்போதும் மிச்சமிருக்கும். எந்த விளக்கமும் எழுதாமல் ஒரு சிறு துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். அன்று மாலை அவளுடைய தாத்தா பதினைந்து ஆட்டங்களில் பதினொன்றில் தோற்றார். தாத்தா ஏன் தோற்கிறார் என்று கண்டுபிடிக்க அவள் பலகையில் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு, முப்பத்தாறு கட்டங்களில் இருபத்து நான்கு வெற்றிக்குரியவை என்று எண்ணி முடித்தபோது இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. நிகழ்தகவுப் பாடம் பள்ளியில் அவளுக்கு அதன் பிறகுதான் வந்தது.

கணினிக்கு வருகிறேன். இங்கே பெற்றோர் பெரும்பாலும் விலையுயர்ந்த மடிக்கணினியை நினைத்து மலைக்கிறார்கள், அல்லது ஏற்கெனவே செல்பேசி இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே நல்ல வழிகள் உண்டு. உள்ளங்கை அளவே உள்ள மைக்ரோபிட் என்னும் சிறு கணினிப் பலகையில் 25 எல்.இ.டி. விளக்குகளும் இரண்டு பொத்தான்களும் அசைவை உணரும் சென்சாரும் இருக்கின்றன. 2016இல் பிரிட்டனில் ஏறத்தாழ பத்து லட்சம் மாணவர்களுக்கு இது இலவசமாக வழங்கப்பட்டது. என் அக்காள் மகள் இதைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, நடக்கும் அடிகளை எண்ணும் நிரலை எழுதினாள். முதல் நாள் நூறு அடி நடந்தால் அது நூற்று எழுபது என்று காட்டியது. ஒவ்வோர் அடிக்கும் கால் தூக்கும்போதும் ஊன்றும்போதும் இரண்டு அதிர்வுகள் வருவதைக் கண்டுகொண்டு, எவ்வளவு பலமான அதிர்வை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மாற்றி மாற்றிச் சோதித்து, நான்காம் நாள் நூற்று மூன்றுக்குக் கொண்டுவந்தாள். அந்த மூன்றையும் ஒழிக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறாள். சொன்னதைக் கேட்காத அந்த ரோபோ பொம்மையை நினைத்துக்கொண்டேன்.

சற்றே வளர்ந்த பிள்ளைக்கு ராஸ்பெர்ரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினி பொருத்தமாக இருக்கும். கணினி அறிவியல் படிக்க வரும் மாணவர்களுக்கு நிரல் எழுதிப் பழக்கமில்லாமல் போவதைக் கண்டு, பிள்ளைகள் அச்சமின்றி நோண்டிப் பார்க்க ஒரு மலிவான கணினி வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் சிலர் எண்ணியதன் பயனாக 2012 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது அது. ஆனால் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பலகையை மட்டும் தனியாக வாங்கினால் பிள்ளையால் அதை இயக்கவே முடியாது. மெமரி கார்டு, உரிய பவர் அடாப்டர், திரையோடு இணைக்கும் கேபிள், விசைப்பலகை, மௌஸ் எல்லாம் தேவை. அண்மைய மாதிரிகளில் திரைக்கான துளை சிறியதாக இருப்பதால் வீட்டில் கிடக்கும் சாதாரணக் கேபிள் அதில் பொருந்தாது. பரிசைப் பிரித்த நாளிலேயே அது இயங்காமல் போனால் பிள்ளையின் முகம் எப்படி வாடும் என்பதை நினைத்துப் பார்த்து வாங்குங்கள். நிரல் எழுதும் மொழிகளுக்கோ செலவே இல்லை. பைத்தான் உட்பட எல்லாருக்கும் தேவையானவை இலவசமாகவே கிடைக்கின்றன.

பணமே செலவழிக்காத பரிசும் ஒன்று உண்டு. வாழ்த்து அட்டையில் ‘எல்லா நலமும் பெறுக’ என்று எழுதுவதோடு நிறுத்தாமல், அதன் கீழே ஒரு கணக்கையும் எழுதுங்கள். நான் எழுதியது இது: ஏதேனும் ஓர் எண்ணை எடுத்துக்கொள், இரட்டை எண்ணானால் பாதியாக்கு, ஒற்றை எண்ணானால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு, வரும் எண்ணுக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய், கடைசியில் 1 வருகிறதா பார். ஜெர்மானியக் கணித அறிஞர் கொலாட்ஸின் பெயரால் வழங்கும் இந்தக் கேள்வி 1937 முதல் இருந்துவருகிறது. சோதித்த எண்கள் எல்லாம் 1இல்தான் வந்து முடிந்திருக்கின்றன, ஆனால் எல்லா எண்களுக்கும் அப்படித்தான் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 26ஐ எடுத்தால் பத்தே படிகளில் முடிந்துவிடும். அடுத்த எண்ணான 27ஐ எடுத்தால் 9,232 வரை ஏறி, 111 படிகளுக்குப் பிறகுதான் 1க்கு இறங்கும். இதைக் கையால் போட்டுக் களைத்துப்போன பிறகுதான் அவள் இதற்கென ஒரு நிரல் எழுதினாள். நிரல் எழுதக் கற்றுக்கொள் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புதிர்ப் பொருள்களில் ரூபிக் கனசதுரம் எல்லாருக்கும் தெரிந்ததே. பல பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும் என்பதால் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. அட்டையும் கத்தரிக்கோலும்கூட அருமையான பரிசுதான். ஒரே வடிவ ஓடுகளால், அமைப்பு ஒருபோதும் சீராகத் திரும்பி வராதபடி தளத்தை நிரப்ப முடியுமா என்று கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற டேவிட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர், 2022இல் அப்படிப்பட்ட, தொப்பி போன்ற பதின்மூன்று பக்க வடிவம் ஒன்றைக் கண்டெடுத்து, அட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்தார். ஆய்வாளர்கள் மூவரோடு சேர்ந்து அவர் 2023இல் அதை வெளியிட்டார். இந்தச் செய்தியையும் அந்த வடிவத்தின் படத்தையும் அட்டைக் கட்டோடு சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.

தேர்வு வழிகாட்டிகளையும் நுழைவுத் தேர்வுக்கான வினாத் தொகுப்புகளையும் மட்டும் தயவுசெய்து பரிசாகக் கொடுக்காதீர்கள். அவை தேவையானவையாக இருக்கலாம். அவற்றைப் பெற்றோர் வேறொரு நாளில் வாங்கிக் கொடுக்கட்டும். பிள்ளை ஆசையாகச் செய்யும் ஒன்றை, பிறந்தநாளன்றே மதிப்பெண்ணாக மாற்றிக் கையில் கொடுப்பது எனக்குக் கொடுமையாகப் படுகிறது. இன்னொரு வருத்தமும் உண்டு. அதே ஆர்வமுள்ள தம்பிக்கு மின்னணுப் பொருளும் அக்காவுக்குக் கைப்பையும் வாங்கி வரும் உறவினர்களை இன்றும் பார்க்கிறேன். பெண் பிள்ளை வாய்விட்டுக் கேட்க மாட்டாள். தன் கணக்கு மற்றவர் கண்ணில் படவில்லை என்பதை மட்டும் அவள் மனத்தில் குறித்துக்கொள்வாள்.

எதை வாங்கினாலும், அதற்கு முன் பிள்ளையிடம் “இப்போது எதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்?” என்று கேட்டுவிடுங்கள். வடிவங்களை விரும்பும் பிள்ளை வேறு, எண்களோடு கிடக்கும் பிள்ளை வேறு, ஒரு பொருளைப் பிரித்து மாட்டினால்தான் நிம்மதி அடையும் பிள்ளை வேறு. கொடுத்த பிறகும் அரை மணி நேரம் உடன் உட்காருங்கள். பதில் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதில்லை. எனக்கும் பாதிதான் புரிகிறது. புரியாத இடத்தில் நான் நிறுத்திக் கேட்கும்போது, எனக்கு விளக்குவதற்காக அவள் பலகையில் முதலிலிருந்து எழுதத் தொடங்குவாள். சில சமயம் நடுவிலேயே நின்று, “இல்லை சித்தி, நான்தான் தப்பாகப் போட்டிருக்கிறேன்” என்று தானே கண்டுபிடித்துவிடுவாள்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் சிறுவர் பகுதியில் வாரந்தோறும் வெளியாகும் கணக்குப் புதிருக்கு அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக விடை அச்சிடப்படுகிறது. பிள்ளைகள் நாளிதழைத் திருப்பிப் பிடிக்க ஒரு நொடி போதும். விடையை அடுத்த வார இதழில் வெளியிட்டால், அந்த ஏழு நாட்களும் புதிர் அவர்களிடமே இருக்கும். இதைத் தாங்கள் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி